கொண்டை ஊசி வளைவு

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் என்றைக்காவது ஏறியிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒருமுறை ஏறுங்கள். கச்சிராயபாளையம், கோமுகி அணை என்று வயல்வெளியில் ஜோராகப் போகிற பஸ், மலையடிவாரம் வந்ததும் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். முதல் வளைவில் டிரைவர் ஹாரன் அடிப்பார். கியரைக் குறைப்பார். எதிரே எதுவும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிப்பார். மேலே போகப் போக செல்போன் சிக்னல் ஒவ்வொரு கோடாக இறங்கும். சில இடங்களில் சுத்தமாகக் காணாமல் போய்விடும்.

அப்படி ஒரு பயணத்தில்தான் அந்தத் தம்பியைச் சந்தித்தேன். பக்கத்து சீட். இருபத்தெட்டு வயசு இருக்கும். கல்வராயன் மலையில் சின்னக் கிராமம். குடும்பத்தில் முதல் பட்டதாரி. சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை. ஊர்த் திருவிழாவுக்கு லீவு போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்.

"என்ன வேலை தம்பி?"

"வெப் டெவலப்பர் சார். ஃபிரண்ட் எண்ட்."

"அப்படின்னா?"

"ஒரு வெப்சைட்டுக்குள்ள போனா உங்க கண்ணுக்குத் தெரியறது, கை படறது எல்லாம் எங்க வேலை. பின்னாடி இருக்கற கணக்குவழக்கு வேற டீம்."

"கை படறதுன்னா?"

"பட்டன் சார். லைக், ஷேர், கருத்து எழுதற பெட்டி... முன்னாடி ஒரு செய்தியைப் படிச்சவரு அதை இன்னொருத்தருக்கு அனுப்பணும்னா மூணு தடவை அமுக்கணும். அதை ரெண்டாக்குனோம். இப்போ ஒண்ணு. அதுக்கு எனக்கு ஆபீஸ்ல அவார்டு குடுத்தாங்க."

சொல்லும்போது முகத்தில் பெருமை. இருக்க வேண்டியதுதான். அந்த மலை நெடுங்காலம் ஜாகீர்தார்கள் பிடியில் இருந்தது. 1976-ல்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அவருடைய தாத்தா கடுக்காய் பொறுக்கி, மூட்டை கட்டி, தலைச்சுமையாக இறக்கி, கீழே இருப்பவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. அந்த வீட்டுப் பிள்ளை இன்று லட்சக்கணக்கான பேர் பேசுவதற்குப் பட்டன் செய்கிறார். சாதாரண விஷயமா?

பஸ் மேலே ஏறட்டும். அதற்குள் இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் பார்த்துவிடலாம்.

1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தபோது, பெரும்பாலான வெப்சைட்கள் சுவரில் ஒட்டின நோட்டீஸ் மாதிரி. நின்று படிக்கலாம். படித்துவிட்டு நடையைக் கட்டலாம். அதைத் தயாரிக்க ஓர் ஆள் போதும். வெப்மாஸ்டர் என்று பெயர்.

2004, 2005 வாக்கில் காற்று மாறியது. ஃபேஸ்புக் வந்தது, ஆர்குட் வந்தது, யூடியூப் வந்தது. இவற்றை நடத்துகிறவர்கள் எதையும் எழுதவில்லை, எந்தப் படத்தையும் எடுக்கவில்லை. எழுதியது நாம். எடுத்தது நாம். அவர்கள் இடத்தை மட்டும் கொடுத்தார்கள். முழுப் பக்கத்தையும் திரும்ப வரவழைக்காமல், வேண்டிய மூலையை மட்டும் மாற்றுகிற ஒரு உத்திக்கு 2005-ல் 'அஜாக்ஸ்' என்று பெயர் சூட்டினார்கள். நீங்கள் லைக்கை அமுக்கினால் பக்கம் அசையாமல் எண்ணிக்கை மட்டும் ஏறுகிறதே, அந்த மாயம் இப்படி வந்ததுதான்.

வெப்மாஸ்டர் ஒருவர் செய்த வேலை பத்துப் பேர் வேலையானது. முன்பக்கம் செய்பவர், பின்பக்கம் செய்பவர், இரண்டும் தெரிந்தவர், பட்டன் எந்த நிறத்தில் இருந்தால் கை தானாகப் போகும் என்று ஆராய்கிறவர், நாம் போடுகிற கண்றாவிகளைப் பார்த்துப் பார்த்து நீக்குகிறவர் என்று புதுசு புதுசாக உத்தியோகங்கள். கடைசியில் சொன்னவர் பாடுதான் பெரும்பாடு. அந்த வேலையால் மனநலம் கெட்டது என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டவர்களுக்கு 2020-ல் 5.2 கோடி டாலர் தர ஃபேஸ்புக் சம்மதித்தது.

2006 டிசம்பரில் அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை, ஆண்டின் சிறந்த மனிதர் யார் என்று அறிவித்தது. ஜனாதிபதியும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. 'நீங்கள்' என்று போட்டார்கள். அட்டையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் திரை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் தகடு. கையில் எடுத்தால் உங்கள் முகமே தெரியும். இனி உலகச் செய்தியை எழுதப்போவது நீங்கள்தான் என்று அர்த்தம்.

பட்டம் கொடுத்துவிட்டார்கள். பட்டத்தோடு வரும் பொறுப்பு எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டு வளைவு தாண்டியதும் தம்பி பேச்சை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"சார், நீங்க பத்திரிகையில எழுதறவரு. ஒண்ணு கேக்கவா? கனியாமூர் ஞாபகம் இருக்கா?"

யாருக்கு மறக்கும்? சின்னசேலம் பக்கத்தில் இருக்கிறது கனியாமூர். 2022 ஜூலை 13-ம் தேதி அங்கே ஒரு தனியார் பள்ளி விடுதியில் பிளஸ் டூ மாணவி ஒருவர் இறந்து கிடந்தார். பெற்றவர்கள் நியாயம் கேட்டுப் போராடினார்கள். அந்த மரணத்தைப் பற்றி நான் இங்கே ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை. அது விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய விஷயம். நானும் ஆளுக்கொரு கதை சொன்னால், இந்தக் கட்டுரை எதைப் பற்றி வருத்தப்படுகிறதோ அதையே நானும் செய்தவன் ஆவேன். அன்று பலர் அதைத்தான் செய்தார்கள். போன் வைத்திருந்தவரெல்லாம் துப்பறிவாளர். கேமரா வைத்திருந்தவரெல்லாம் நீதிபதி. நாலு நாள், விடாமல்.

ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்தது. வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகத்தான் ஆள் திரட்டப்பட்டது என்று போலீஸ் பிறகு சொன்னது. கல் பறந்தது. போலீஸ்காரர்களுக்கு மண்டை உடைந்தது. பள்ளிக்கூட பஸ்கள் எரிந்தன. வகுப்பறையில் இருந்த பெஞ்சையும் மேஜையையும்கூடத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாருக்காகவோ நியாயம் கேட்கப் போன கூட்டம், அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களை எரித்துவிட்டு வந்தது. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

"சனிக்கிழமை ராத்திரி ஒரு மெசேஜ் வந்துச்சு சார்" என்றார் தம்பி. "சித்தப்பா பையன் அனுப்புனான். நாளைக்கு எல்லாரும் வாங்க, நியாயம் கேப்போம்னு. கூடவே ஒரு ஆடியோ. அதுல சொன்னது நெஜமா பொய்யான்னு நான் பாக்கல. கேட்டதுமே ரத்தம் கொதிச்சிடுச்சு. ரெண்டு குரூப்புக்குத் தட்டிவிட்டேன். ஒண்ணு காலேஜ் குரூப்பு, ஒண்ணு ஊர்க்காரங்க குரூப்பு. அப்புறம் படுத்துத் தூங்கிட்டேன்."

"அப்புறம்?"

"மறுநாள் டி.வி. போட்டா பஸ் எரியுது."

கண்டக்டர் வந்து பின்னால் யாரிடமோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் கல்லெடுக்கல சார். சென்னையில ரூம்ல படுத்திருந்தேன். அந்த ரெண்டு குரூப்புலேர்ந்து யாராவது போனாங்களான்னுகூடத் தெரியாது. நான் அனுப்பலேன்னா வேற யாராவது அனுப்பியிருப்பாங்க. அப்போ என்மேல தப்பு இருக்கா, இல்லையா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. உங்களுக்கு வருகிறதா? அவசரப்படாமல் யோசிப்போம். அவசரம்தானே இங்கே பிரச்னையே.

'நான் அனுப்பாவிட்டாலும் இன்னொருவர் அனுப்பியிருப்பார்.' கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் சரியும்கூட. ஆயிரம் பேரில் ஒருவரைக் கழித்தால் என்ன குறையப் போகிறது?

ஆனால் இதே கணக்கை வேறொரு இடத்தில் போட்டுப் பாருங்கள். ஊரில் தேர்த் திருவிழா. ஆயிரம் பேர் வடம் பிடிக்கிறார்கள். நீங்களும் நடுவில் நுழைந்து நாலடி தூரம் கை வைக்கிறீர்கள். நீங்கள் வராவிட்டாலும் தேர் நகர்ந்திருக்கும். ஆனாலும் தேர் நிலைக்கு வந்ததும் வீட்டுக்குப் போய் என்ன சொல்கிறீர்கள்? "இந்த வருஷம் நானும் தேர் இழுத்தேன்." யாராவது, "என் பங்கு ஆயிரத்தில் ஒன்று, அதனால் நான் இழுத்ததாகச் சொல்ல முடியாது" என்கிறோமா? புண்ணியத்தில் மட்டும் முழுப் பங்கு கேட்கிறோம். பாவம் என்று வந்தால் ஆயிரத்தால் வகுக்கிறோம்.

இணையத்திலும் அப்படித்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை முங்கியபோது, எந்தத் தெருவில் பால் வேண்டும், எந்த மாடியில் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று போன் போனாகச் செய்தி பறந்தது. 'நாம்தான் காப்பாற்றினோம்' என்று மார்தட்டிக்கொண்டோம். 2017 ஜனவரியில் மெரினாவில் கூடியதும் அப்படியே. 'நாம் கூடினோம்.' சரி. மெரினாவில் கூடியது நாம் என்றால், கனியாமூரில் கூடியது மட்டும் எப்படி 'அவர்கள்' ஆவார்கள்? கை அதே கை. பட்டன் அதே பட்டன்.

குற்றம் வேறு, பங்கு வேறு. கல்லெறிந்தவரும் தீ வைத்தவரும் குற்றவாளிகள். அவர்களைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். பங்கு என்பது கோர்ட் அளக்கிற சமாசாரம் இல்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு நமக்கு நாமே அளந்துகொள்வது. அந்தத் தம்பிக்கு அது உறுத்துகிறது என்பதே அவர் நல்லவர் என்பதற்கு அத்தாட்சி. உறுத்தாதவர்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

அதற்காகக் கோர்ட் இந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். யாரோ எழுதிய ஒரு மோசமான பதிவைத் தன் பக்கத்தில் பகிர்ந்துவிட்டு, 'எனக்கு வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்' என்றார் நடிகரும் அரசியல்வாதியுமான ஒருவர். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு செய்தியை அடுத்தவருக்கு அனுப்புவது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்று சொல்லி, முன்ஜாமீன் தர மறுத்தது.

இன்னொன்று. உங்கள் வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் எடுத்துப் பாருங்கள். கீழே ஓரத்தில், எறும்பு சைஸ் எழுத்தில், அச்சகத்தின் பெயர் இருக்கும். அது வெறும் விளம்பரம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வெள்ளைக்காரன் 1867-ல் ஒரு சட்டம் போட்டான். அச்சடிக்கிற புத்தகமானாலும் தாளானாலும் அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருந்தாக வேண்டும் என்று. அவன் அதைத் தன் ஆட்சியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் செய்தான். ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது. எழுதியது யாராக இருந்தாலும், பரப்பியவர் பெயர் தாளிலேயே இருக்கும். இப்போது வாட்ஸ்அப்பில் வருகிற செய்தியின் தலையில் என்ன இருக்கிறது? 'ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று ஒரு வரி. யார் அச்சடித்தது என்று இல்லை. எல்லோரும் அச்சகம் வைத்திருக்கிறோம், ஒருவருக்கும் பெயர்ப்பலகை கிடையாது.

நமக்கு இதெல்லாம் புதுசு என்றும் சொல்ல முடியாது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த தவறு என்ன? அவன் கொடுங்கோலன் இல்லை. நல்ல ராஜாதான். கோபித்துக்கொண்டு போன ராணியைச் சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில் இருந்தான். வழியில் ஒரு பொற்கொல்லன் வந்து, 'சிலம்பு திருடின கள்வன் கிடைத்துவிட்டான்' என்றான். ராஜா விசாரிக்கவில்லை. வந்த சேதியை அப்படியே காவலர்களுக்குக் கைமாற்றிவிட்டான். இன்றைய பாஷையில் சொன்னால், படித்துக்கூடப் பார்க்காமல் ஃபார்வர்டு செய்தான். கோவலன் தலை போயிற்று. உண்மை தெரிந்த அந்தக் கணத்தில் பாண்டியன், 'பொற்கொல்லன் சொன்னதைத்தானே செய்தேன்' என்று சொல்லவில்லை. சிம்மாசனத்திலேயே உயிரை விட்டான்.

கண்ணகி மதுரையை எரித்தாள் என்று அடிக்கடி உதாரணம் காட்டுகிறோம். அவள்கூட அக்கினிக்கு நிபந்தனை போட்டாள். குழந்தைகள், வயசானவர்கள், நல்லவர்கள் இருக்கும் பக்கம் போகாதே என்று சொல்லித்தான் அனுப்பினாள். கனியாமூரில் மூட்டிய தீக்கு அந்த நிபந்தனைகூட இல்லை.

இதுவரை பேசியது அனுப்புகிறவரைப் பற்றி. தம்பிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அவர் பட்டன் செய்கிறவர். மூன்று அமுக்கல்களை ஒன்றாக்கி அவார்டு வாங்கினவர். அதற்கு என்ன சொல்வது?

வழக்கமான பதில் ஒன்று உண்டு. 'கத்தி செய்கிறவன் என்ன செய்வான்? காய் நறுக்குவதும் கழுத்தை நறுக்குவதும் வாங்கினவன் கையில் இருக்கிறது.' நானும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது அதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கத்தி நம்மைக் கூப்பிடுவதில்லை. அலமாரியில் சும்மா கிடக்கிறது. இந்தப் பட்டன் அப்படி இல்லை. எங்கே வைத்தால் விரல் படும், என்ன நிறம் இருந்தால் கண் போகும், எத்தனை நொடி யோசித்தால் ஆள் மனசு மாறிவிடுவார் என்றெல்லாம் அளந்து, யோசிப்பதற்குள் அமுக்கிவிட வேண்டும் என்றே செய்யப்பட்டது. அவர்கள் தொழிலில் தாமதத்துக்கு 'உராய்வு' என்று பெயர். உராய்வைக் குறைப்பதுதான் திறமை.

எனக்கு இது கத்தியைவிட ரோடு மாதிரித்தான் படுகிறது. ரோடு போடுகிற என்ஜினியருக்கு, அதில் வண்டி எந்த வேகத்தில் போகும் என்பதில் பங்கு இல்லையா?

ட்விட்டரில் அடுத்தவர் பதிவை ஒரே அமுக்கில் பரப்புகிற ரீட்வீட் பட்டன் 2009-ல் வந்தது. அதைச் செய்த குழுவுக்குத் தலைமை தாங்கினவர் கிறிஸ் வெதரெல். பத்து வருஷம் கழித்து, 2019-ல் ஒரு பேட்டியில் அவர் மனம்விட்டு வருந்தினார். நாலு வயசுக் குழந்தை கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டோமோ என்று தோன்றியதாகச் சொன்னார். செய்தவரே சொல்கிறார்.

துப்பாக்கி வெடித்தது நம் பக்கத்திலும்தான். 2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது என்று ஒரு வதந்தி ஊர் ஊராக வாட்ஸ்அப்பில் சுற்றியது. கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு சென்னைப் பாட்டி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். அடித்தே கொன்றுவிட்டார்கள். அதே மாதிரி வடக்கேயும் பல உயிர்கள் போயின.

அந்த ஜூலையில் வாட்ஸ்அப் என்ன செய்தது தெரியுமா? இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. படங்களுக்குப் பக்கத்தில் இருந்த வேக ஃபார்வர்டு பட்டனைத் தூக்கியது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே ரொம்பவும் சுற்றிவிட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்றது. அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் அதனால் 70 சதவீதம் குறைந்தது என்று அந்த நிறுவனமே சொன்னது. அதே வருஷம் ட்விட்டர் ஒரு சின்ன சோதனை செய்தது. ஒரு கட்டுரையைத் திறக்காமலே பரப்பப் போனால், 'படித்துவிட்டீர்களா?' என்கிற மாதிரி ஒரு கேள்வி. அந்தக் கேள்வியைப் பார்த்தவர்கள் கட்டுரையைத் திறப்பது 40 சதவீதம் கூடியது என்றார்கள்.

மனுஷனைத் திருத்தவில்லை. சட்டம் போடவில்லை. ரோட்டில் ஒரு வளைவு வைத்தார்கள். ஜனங்கள் தானாகக் கியரைக் குறைத்தார்கள். வளைவு வைக்க முடியும் என்றால், வைக்காமல் விடுவதும் ஒருவர் எடுக்கிற முடிவுதானே?

சங்கிலி எப்படி இருக்கிறது பாருங்கள். கம்பெனி, 'பிறர் எழுதியதற்கு நான் பொறுப்பில்லை' என்கிறது. உரிய எச்சரிக்கையோடு நடந்துகொண்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு அதற்குப் பாதுகாப்பும் தருகிறது. பட்டன் செய்தவர், 'சம்பளத்துக்குச் செய்தேன்' என்கிறார். அனுப்பினவர், 'வந்ததை அனுப்பினேன்' என்கிறார். முதலில் எழுதினவர் யாரென்றே தெரியாது. எல்லோரும் வழிவிட்டு ஒதுங்கினால், நடுவில் எரிகிற பஸ் யாருடையது?

"அப்போ இதையெல்லாம் இழுத்து மூடிடலாமா சார்?" என்று தம்பி கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன் அவரே ஒரு கதை சொன்னார்.

அவர் கிராமத்துக்குப் போகிற வழியில் ஒரு ஓடை. மழைக்காலத்தில் கடக்க முடியாது. பிரசவ வலி வந்த பெண்ணை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எத்தனையோ மனு. எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் டோலி தூக்கிப் போவதை ஒரு பையன் போனில் படம் பிடித்து, மலை உச்சியில் சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி நின்று அனுப்பினான். அது ஊர் ஊராகச் சுற்றியது. பத்து நாளில் ஜீப்பில் அதிகாரி வந்து ஓடையை அளந்தார்.

"என் தாத்தாவுக்கு அந்த பட்டன் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார்.

அவர் சொல்வது சரி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதல் சாவுகள் விழுந்தபோது, சாராயத்தால்தான் என்று உறுதியாகவில்லை என்றது அதிகாரத் தரப்பு. அந்த நேரத்தில் உண்மையைச் சொன்னது தெருவில் அழுதுகொண்டிருந்த ஜனங்களும் அவர்கள் கையில் இருந்த போன்களும்தான். அப்புறம்தான் கலெக்டர் மாற்றப்பட்டார், எஸ்.பி. சஸ்பெண்ட் ஆனார். கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. பேச வேண்டியவர்கள் பேசாமல் இருந்தால் வதந்தி பேசும். உண்மையைக் கொண்டுவர ஜனங்களின் போன்தான் வழி என்றால், அந்த வழியை அடைக்க நான் யார்?

அதனால் ரோட்டை மூடு என்று சொல்ல மாட்டேன். மலைக்கு ரோடு வேண்டும். ஆனால் நேராகப் போட்ட ரோடு வேண்டாம். வெள்ளிமலைக்கு அடிவாரத்திலிருந்து ஒரே நேர்கோட்டில் ரோடு போட்டிருந்தால் சீக்கிரம் போய்ச் சேரலாம். எங்கே போய்ச் சேருவோம் என்பது வேறு விஷயம். அந்த என்ஜினியர் வேண்டுமென்றேதான் வளைத்தார். டிரைவர் முன்கோபியாக இருந்தாலும் பஸ் பிழைக்க வேண்டும் என்று.

பட்டன் செய்கிறவர்கள் வளைவு வைக்கட்டும். வைக்காத இடத்தில் நாமே வைத்துக்கொள்ளலாம். எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. வந்ததற்குக் காரணமே ஒரு அவமானம். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய நடிகர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. கண்கலங்கி, உருக்கமாக நாலு வரி சேர்த்து, ஐந்து குழுக்களுக்கு அனுப்பினேன். சாயங்காலம் அந்த நடிகர் டி.வி.யில் தோன்றி, 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்றார். வீட்டில் பேத்தி என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது.

அதிலிருந்து, எதையாவது அனுப்பத் தோன்றினால் கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொள்கிறேன். இதன் கீழே, ஓரத்தில், 'அச்சிட்டவர்' என்று என் பெயரையும் ஊரையும் போடச் சம்மதமா? சம்மதம் என்றால் அனுப்புகிறேன். பத்தில் எட்டுக்கு மனசு 'வேண்டாம்பா' என்கிறது. யோசிக்க ஆகும் நேரம், டிரைவர் ஹாரன் அடித்துக் கியர் மாற்றுகிற நேரம்தான்.

கனியாமூர் கதையில் ஒரு கடைசிப் பகுதி உண்டு. கலவரம் முடிந்த பிறகு, எடுத்துப்போன சாமான்களைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லி சுற்றுவட்டாரக் கிராமங்களில் தண்டோரா போட்டார்கள். பெஞ்சும் மேஜையும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து ரோட்டோரம் நின்றன. தண்டோரா, அதை அடிக்கிற மனிதரைச் சிறுமைப்படுத்துகிற வழக்கம் என்று அடுத்த மாதமே தமிழக அரசு நிறுத்தச் சொன்னது. அது சரியான முடிவு. எனக்கு அதில் தோன்றியது வேறு. முகம் தெரியாத குரல் கூப்பிட்டபோது ஓடிப்போனவர்கள், முகம் தெரிந்த ஒருவர் தெருவில் நின்று சொன்னதும் வெட்கப்பட்டார்கள்.

கடைசி வளைவில் பஸ் மறுபடி நின்று ஹாரன் அடித்தது. "ஆபீஸ்ல ஒரு யோசனை சொல்லியிருக்கேன் சார்" என்றார் தம்பி. "ஷேர் அமுக்கினதும் ஒரு கேள்வி வரணும். 'இதை முழுசா படிச்சீங்களா?'ன்னு. மேனேஜர் கேட்டாரு, 'இதனால எத்தனை பேர் அனுப்பாம போயிடுவாங்க தெரியுமா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதுக்குத்தான் சார்னு சொன்னேன். முறைச்சாரு. லீவு முடிஞ்சு போனா தெரியும், வேலை இருக்கா இல்லையான்னு."

வெள்ளிமலை வந்துவிட்டது. சிக்னலும் வந்துவிட்டது. பஸ்ஸில் இருந்த அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தன. தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போனை எடுத்துப் பார்க்காமலே இறங்கினார். நான் என்னுடையதை எடுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு செய்திகள். முதல் செய்தியின் கடைசி வரி: 'உடனே எல்லோருக்கும் பகிரவும்.'

பேத்தி ஞாபகம் வந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு டீக்கடையைத் தேடினேன்.